நாலாவது உயிர்

ஜனவரி 6

அன்புள்ள சுருட்டைக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் நலம் என்று உன் மகள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நேராகக் கேட்பதில்லை. "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று பொதுவாகக் கேட்பேன். அவளும் பொதுவாக, "இருக்காங்க சார்" என்பாள்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து எழுதுகிற கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று காகிதங்களைக் கிழித்துவிட்டேன். போனில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதமென்றால் கிழிப்பதற்கு முன்னால் நாலு வரியாவது கண்ணில் படும்.

ஏப்ரல் முதல் வாரத்தோடு நான் விலகுகிறேன். தலைவர் நாற்காலியில் இருபத்தேழு வருஷம் ஆகிறது. அச்சகத்து மாடியில் நீயும் நானும் ஒரு டிவியும் இருந்த வீடியோ கேம் கம்பெனி இன்று ஆறு மாடியில் இருக்கிறது. நடுவில் நாலு தலைமுறை இயந்திரங்கள் மாறிவிட்டன. ஒரு கார்ப்பந்தய விளையாட்டை நம்பிக் கம்பெனியே மூழ்கப் பார்த்தது, எப்படியோ கரையேறினோம். மாறாதது ஒன்றுதான். புது விளையாட்டு எது வந்தாலும் திங்கட்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நானே விளையாடிப் பார்ப்பேன். மூன்று உயிர். மூன்றும் போன பிறகு, யாரும் சொல்லாமல் கை தானாக நாலாவதுக்குப் பொத்தானை அழுத்தினால் அந்த விளையாட்டு வெளியே போகும். இல்லாவிட்டால் எத்தனை மாத உழைப்பானாலும் பெட்டிக்குள்தான். நம் பழைய விதி.

இப்போது என் வலது கட்டைவிரல் நடுங்குகிறது. மூன்று உயிரும் மூன்று நிமிஷத்தில் போய்விடுகின்றன. விளையாட்டு மோசமா, விரல் மோசமா என்று தெரியவில்லை. இது தெரியாதவன் அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது.

இயக்குநர்கள் எனக்குப் பின் யார் என்று ஒரு பெயர் கேட்டிருக்கிறார்கள். உன் மகள் பெயரைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த ஒன்பது வருஷத்தில் அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். கட்டக் காகிதத்தில் விளையாட்டின் ஒரு கட்டத்தை வரைந்துகொண்டு வந்தாள். கீழ் வலது மூலையில் தொடங்கி மேலே மேலே எண் போட்டு, கடைசிச் சதுரத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். உலகத்தில் இப்படித் தலைகீழாக வரைகிறவன் ஒருத்தன்தான்.

அவளுடைய நல்லதை எல்லாம் நான் பார்த்துவிட்டேன். குறையைப் பெற்றவன்தான் சொல்ல முடியும். எழுது. நீ எழுதியதைப் பார்த்த பிறகுதான் பெயரைக் கொடுப்பேன்.

என்றும் உன்
நெட்டை


ஜனவரி 14

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சுருட்டை என்று யாரையோ விளித்திருக்கிறீர்கள். இங்கே அப்படி யாருமில்லை. சுருளுவதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

கடைசி வரைக்கும் 'தங்கள்' என்றே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரியிலேயே வாய் கசக்கிறது. நீ என்றே எழுதுகிறேன்.

உன் கதையை எனக்கு நீ சொல்ல வேண்டாம். லிஃப்ட் பழுதுபார்க்கப் போகிற இடமெல்லாம் வரவேற்பறையில் பழைய பத்திரிகைகள் கிடக்கும். புரட்டினால் நீ. பல் டாக்டரிடம் நீ, வக்கீல் ஆபீஸில் நீ, முடிவெட்டுகிற கடையிலும் நீ. வருஷத்துக்கு வருஷம் கோட்டு மாறும், இளிப்பு மாறாது. ஒன்றில் 'மூன்று உயிர் விதியைக் கண்டவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்து மோட்டார் கிரீஸைத் துடைத்தேன். 'நம் பழைய விதி' என்று எழுதியிருக்கிறாயே, யார் விதி அது? டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் நாலாவது தடவை பொத்தானை அழுத்திவிட்டு, "டேய், கை தானா போகுதுடா" என்று சொன்னவன் யார்? நீ அப்போது டீயைக் குடித்துக்கொண்டிருந்தாய். என் டீயையும் சேர்த்து.

நாம் செய்த முதல் விளையாட்டில் ஏணியை மாடிக்கு மாடி தூக்கிப்போய் ஏறுவானே, அந்த 'ஏணிக்காரன்', அவனை வரைந்தவன் நான். நடக்க வைத்தவன் நான். முகப்பில் இருந்த இரண்டு பெயரில் கடைக்குப் போனபோது ஒன்றுதான் இருந்தது. சிப்பில் இடம் போதவில்லை என்றாய். இடம் போதாமல் போனது என் பெயருக்கு மட்டும்தான். ஏணி செய்தவன் கீழே நின்றேன், ஏறினவன் போய்விட்டாய்.

பொறாமையா என்று நீ நினைப்பாய். பொறாமைதான். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? பத்திரிகையில் நீ இருந்தால்கூடப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அல்லவா வந்து உட்கார்ந்திருக்கிறாய்! சார் இப்படிச் சொன்னார், சாருக்கு அது பிடிக்கவில்லை, சார் இன்று சிரித்தார். நான் ஒரு யோசனை சொன்னால் "நல்லா இருக்குப்பா" என்பாள், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்பதுபோல. நீ அவள் வேலையைப் பார்த்து ஒரு 'ம்' சொன்னதை மூன்று ஞாயிறு சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகளின் காதில் உன் 'ம்' என் ஆயிரம் வார்த்தைக்குச் சமம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

குறை கேட்டாயே, வாங்கிக்கொள். ஒரு வேலை முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். அடுத்தவன் இரண்டு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்ததை ஒரு நிமிஷத்தில் வேண்டாம் என்பாள், முகம்கூட மாறாது. வாயைத் திறந்து ஒருத்தரைப் பாராட்டத் தெரியாது. தோற்றுப்போனால் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சோறு இறங்காது. எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தவருக்குச் சேர வேண்டியதை எடுக்கத் தெரியாது. பள்ளியில் படத்துக்குப் பரிசு கொடுத்தபோது, மேகத்தைப் பக்கத்து இருக்கைக்காரி வரைந்தாள் என்று மேடையிலேயே சொல்லிப் பாதிப் பரிசை விட்டுக்கொடுத்தவள். உன் நாற்காலிக்குப் பிடுங்கத் தெரிய வேண்டும். அவள் ஒரு வருஷம் தாங்க மாட்டாள்.

பெற்றவனாகச் சொல்கிறேன், அவள் வேண்டாம். வேறு ஆளைப் பார்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


ஜனவரி 22

தலைவருக்கு,

முந்தின கடிதத்தை இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தால் பிரிக்காமலே கிழித்துவிடு. பிரித்துவிட்டாய் என்றால் மறந்துவிடு. இரண்டும் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கட்டிடத்தில் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. என் உதவியாளனுக்குக் காய்ச்சல். மகள் டார்ச் பிடிக்க வந்தாள். மொட்டை மாடி மோட்டார் அறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு மூச்சுவிட இடமில்லை. அங்கே வைத்துத்தான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி, ஆபீஸில் என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"சார் போகப் போறாரு. அந்த இடத்துக்கு வர்றியான்னு என்னைக் கேட்டாரு. வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றாள்.

ஏன் என்றேன். வெளிச்சத்தை வயரின் மேலேயே வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்பா. ஆறு நாள் அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டு ஏழாவது நாள் உங்க எதிர்ல எப்படி உட்கார்றது?"

டார்ச் ஆடவில்லை. என் கையிலிருந்த ஸ்பேனர்தான் கீழே விழுந்தது.

ஒன்பது வருஷமாக நான் முகத்தில் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறாள். 'சார் சொன்னாரு' என்று அவள் சொன்னதெல்லாம்கூட சொல்லாமல் விட்டதில் கால்வாசிதானாம். தங்கச்சி என்று நீ எழுதினாயே, என் வீட்டுக்காரி, அவள் சொன்னாள். அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். உனக்கு நான் எழுதியதைச் சொன்னதும், "உங்க வயித்தெரிச்சலைப் பெத்த பொண்ணு தலையிலயா கொட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், இரண்டு நாள் பேசவில்லை.

நான் எழுதிய குறைகள் பொய்யில்லை. ஆனால் அவளுக்காக எழுதவில்லை, உன் மேலிருந்த ஆத்திரத்தில் எழுதினேன். அவளிடம் எனக்கொன்றும் கஷ்டமில்லை, போய் உட்கார் என்று சொல்லிவிட்டேன். அவளிடமிருந்து தட்டிப் பறித்தவனாக என்னை ஆக்கிவிடாதே. அது உன் வேலை, என் வேலை இல்லை.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா


பிப்ரவரி 3

அன்புள்ள சுருட்டைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்தேன். படித்ததும் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. மேசையின் அடி இழுப்பறையில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். நீ கம்பெனியை விட்டுப் போன அன்று டிவி மேல் வைத்துவிட்டுப் போனாயே, 'இவனோடு மனுஷன் வேலை செய்ய முடியாது' என்று தொடங்கி ஐந்து காரணம் எழுதிய காகிதம். எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முடிந்தது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டான். அடுத்தவன் உழைப்பை ஒரு நிமிஷத்தில் தூக்கிப் போடுவான். பாராட்டத் தெரியாது. தோற்றால் சாப்பிட மாட்டான், சாப்பிட விடவும் மாட்டான். நாலும் அப்படியே இருந்தன, வார்த்தைகூட அதிகம் மாறவில்லை. அந்த நாலும் இல்லாமல் இருபத்தேழு வருஷம் இந்த நாற்காலியில் ஒருத்தனும் உட்கார முடியாது. சிபாரிசுக் கடிதம் என்று ஒன்று யாராவது எழுதினால் இதைவிட நன்றாக எழுத முடியாது. இயக்குநர்களிடம் அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன் இரண்டாவது கடிதம் வருவதற்கு முந்தின நாளே கொடுத்துவிட்டேன். அவளும் நேற்று சரி என்றாள்.

ஐந்தாவது மட்டும் பொருந்தவில்லை. என்னைப் பற்றிய காகிதத்தில் ஐந்தாவதாக, 'அடுத்தவன் பெயரை அழிப்பவன்' என்று எழுதியிருக்கிறாய். அவளைப் பற்றி எழுதியது நேர் எதிர்.

அதையும் எழுதிவிடுகிறேன். சிப்பில் இடம் போதாமல் போனது உண்மை. ஏணிக்காரன் விழும்போது வருகிற 'டொப்' என்ற சத்தத்துக்குக் கொஞ்சம் இடம் தேவைப்பட்டது. இரண்டு பெயரில் எதை எடுத்திருந்தாலும் போதும். உன் பெயர் ஒன்பது எழுத்து, என் பெயர் பதினொன்று. நியாயப்படி நீளமானதைத்தான் எடுத்திருக்க வேண்டும். எனக்கு அன்று உன் மேல் பொறாமை. எனக்கு விளையாடத்தான் தெரிந்தது, செய்யத் தெரியவில்லை. நீ பென்சிலை எடுத்தால் ஒரு ஆள் எழுந்து நடந்தான். நான் எத்தனை ராத்திரி உட்கார்ந்தாலும் என் ஆள் நடக்கவில்லை, நகர்ந்தான். அதனால் அழித்தேன். அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் மற்றவர்கள் செய்ததை 'வேண்டும், வேண்டாம்' என்று சொல்லியே பிழைத்தேன். அதை எல்லோரும் பெரிய திறமை என்றார்கள்.

இப்போது பழைய விளையாட்டுகளைப் புது இயந்திரத்துக்கு மாற்றுகிறார்கள். உன் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லட்டுமா?

என்றும் உன்
நெட்டை


ஏப்ரல் 9

தலைவருக்கு, இனிமேல் முன்னாள் தலைவருக்கு,

பெயரைச் சேர்க்க வேண்டாம். 'என் பெயரை அழித்தான்' என்று இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி நானும் ஊரில் ஒரு ஆளாக இருக்கிறேன். சேர்த்துவிட்டால் நாளைக்கு டீக்கடையில் எதைப் பேசுவது?

என் மேல் பொறாமைப்பட்டதாக எழுதியிருந்தாய். அந்த வரியை உன் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். திரும்பவும் ஒருமுறை படிக்கச் சொன்னேன், அவளை. பிறகு கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பொறுப்பு மாறிய அன்று கூட்டத்துக்கு வந்திருந்தேன். கடைசி வரிசை, தூண் பக்கத்தில். நீ பார்த்தாய், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். உன் திங்கட்கிழமை கன்ட்ரோலரை, பெயின்ட் எல்லாம் போய் வெள்ளையாகத் தேய்ந்துபோனதை, அவள் கையில் கொடுத்தாய். அவள் அதை வாங்குகிற சாக்கில் உன் நடுங்குகிற கையைச் சேர்த்துப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. நான் எண்ணினேன், ஏழு வினாடி. மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்து, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

கைதட்டினேன். கை வலிக்கத் தட்டினேன். தட்டும்போதெல்லாம் அந்த ஏழு வினாடிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கடைசி வரிசை


ஜூலை 19

அன்புள்ள சுருட்டைக்கு,

நீ சந்தோஷப்படுவாய் என்று தெரிந்தும் இதை எழுதுகிறேன்.

விலகிய பிறகு எனக்கென்று ஆசையாக ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். இருபத்தேழு வருஷம் மற்றவர்கள் செய்ததைப் பார்த்தவன், கடைசியாக நானே செய்தது. இரண்டு சின்னப் பையன்களைச் சம்பளத்துக்கு வைத்து, நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். ஒரு ஆள் ஒரு தெருவில் எல்லா விளக்கையும் ஏற்றிக்கொண்டு போவான். நடக்கவும் நடந்தான், நகரவில்லை. போன திங்கட்கிழமை அதை உன் மகளிடம் கொண்டுபோனேன்.

என் பழைய அறை. என் பழைய நாற்காலி. நான் பார்வையாளர் நாற்காலியில். கதவைச் சாத்தச் சொன்னாள், நான் வெளியே போகட்டுமா என்றேன், இருங்கள் சார் என்றாள். விளையாடினாள். முதல் உயிர் பதினோரு நிமிஷம் வந்தது. இரண்டாவது எட்டு. மூன்றாவது போனதும் கன்ட்ரோலர் மேல் கை அப்படியே இருந்தது. நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள்.

"சார், கை தானா போகல" என்றாள்.

முகம்கூட மாறவில்லை. நீ எழுதியது சரிதான்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி, "எத்தனை பேர் வீட்ல இப்படிச் சாப்பிடாம உட்கார்ந்திருப்பாங்க, உங்களால" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பகலில் வேலை ஒன்றுமில்லை. சமையலறையில் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன், உப்பு கிடைக்கவில்லை என்று அதற்கும் திட்டு.

நான் கேட்க வந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னிடம் வந்திருப்பாள். என்ன சொன்னாள்? விளையாட்டு மோசம் என்றாளா? கிழவனுக்குப் புத்தி போய்விட்டது என்றாளா? எனக்கு அவளுடைய ஒன்பது வருஷத் திங்கட்கிழமைகள் இருந்தன. இப்போது அதுவும் இல்லை. உனக்கு அவளுடைய ஞாயிற்றுக்கிழமை எப்போதும் இருக்கும். சொல்லப்போனால் வயிறு எரிகிறது. இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்? உனக்குத்தான் இந்த வியாதி நன்றாகத் தெரியும்.

ஒரு வரி எழுதினால் போதும்.

உன்
நெட்டை


ஜூலை 27

டேய் நெட்டை,

முதலில் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். தபால்காரர் போன பிறகு வாசலில் நின்றபடியே படித்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பு சிரித்ததில்லை. உன் தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். நெட்டையை வெளியே அனுப்பிவிட்டாள் உன் பெண் என்றேன். "பாவம்" என்றாள். அப்புறம்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. கேட்காமலே சொன்னாள்: "நல்லாத்தான்பா இருந்துச்சு. அந்தத் தெருவை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. சாருக்காகக் கையைப் போக வெச்சிடலாம்னு ஒரு நிமிஷம் பார்த்தேன். அது போக மாட்டேன்னுடுச்சு." சொல்லிவிட்டு அழுதாள். என் மகள் பெரியவளான பிறகு நான் பார்க்க அழுதது இதுதான் முதல் தடவை. எனக்காக ஒருநாளும் அழுததில்லை, உனக்காக அழுதாள். பார், இப்போதும் எரிகிறது. இது என்னோடுதான் போகும் போலிருக்கிறது.

நீ கேட்ட ஒரு வரி மேலேயே முடிந்துவிட்டது. நீ எண்ணிய அந்த ஒரு நிமிஷத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. அதை மட்டும் எழுதிக் கடிதத்தை மடித்திருக்கலாம்.

ஆனால் வெளியே இருப்பதைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது, நான் அதில் பழைய ஆள். முதல் வருஷம் கஷ்டமாக இருக்கும். பத்திரிகைகளைப் பார்க்காதே. டப்பாவைத் தொடாதே. அடுத்த வாரம் திங்கட்கிழமை ஒரு ஐந்து மாடிக் கட்டிடத்தில் லிஃப்டைப் பிரிக்கிறேன். என் உதவியாளன் வேறு வேலைக்குப் போய்விட்டான், டார்ச் பிடிக்க ஆள் இல்லை. விரல் நடுங்கினால் பரவாயில்லை, டார்ச்சை முழுக் கையாலும் பிடிக்கலாம். காலை ஒன்பது மணிக்கு வந்துவிடு, முகவரி பின்பக்கம் இருக்கிறது. லிஃப்ட் ஓடாது, படியேறித்தான் வர வேண்டும். டீ வாங்கி வை. எனக்கும் சேர்த்து, இந்தத் தடவை குடித்துவிடாதே.

தேதி போடும்போதுதான் எண்ணிப் பார்த்தேன். முதல் கடிதம் ஆத்திரத்தில் எழுதினேன், இரண்டாவது பயத்தில், மூன்றாவது அந்த ஏழு வினாடிக்காக. மூன்றும் முடிந்துவிட்டது. இது நாலாவது. நீ கேட்டது ஒரு வரிதான், அதற்கு மேல் எழுத என்னை யாரும் சொல்லவில்லை.

உன்
சுருட்டை